தெய்வம் இல்லாத நிலத்தில் வழிபாடு

தொல்காப்பியம் காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன் என்று நான்கு நிலங்களுக்கும் தெய்வம் சொன்னது, பாலைக்குச் சொல்லவில்லை. கொற்றவையை அங்கே வைத்தது பின்னால் வந்த மரபு. ஆனால் பொருள் தேடிப் போகிறவன் கடந்தே தீர வேண்டிய நிலம் அதுதான். அகநானூற்றின் 400 பாடல்களில் சரிபாதி பாலைப் பாடல்கள். காவல் தெய்வம் ஊர் எல்லையோடு நின்றுவிட, அதற்கப்பால் போகிறவன் யாரைக் கும்பிடுவது? சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. இங்கிருந்து வடக்கே லோடு ஏற்றிப் போகிற லாரிகளில் சில தார்ப் பாலைவனம் வரை போகின்றன. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்கு ஏறக்குறைய 280 கிலோமீட்டர். சுமை வண்டிக்கு அது ஒரு பகல். அந்தச் சாலைக்கு வடக்கே இருக்கும் பலோடியில் 2016 மே 19 அன்று வெயில் 51 டிகிரியைத் தொட்டது.

வண்டி புறப்படும்போது நடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கூரையில்லாமல் 18 அடி உயரத்தில் நிற்கும் நாமக்கல் ஆஞ்சநேயரின் படம் கேபினில் இருக்கும். கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். டிரைவர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டியை எடுக்க, பழம் நசுங்கும். இதைக் கடவுளோடு போடும் பேரம் என்று சொல்லிவிடலாம். ஆனால் பாலைச் சாலையிலேயே எழுந்திருக்கும் வழிபாட்டைப் பார்த்தால் அந்தக் கணக்கு நிற்காது. பாலிக்கும் ஜோத்பூருக்கும் நடுவே, 1988-இல் மோட்டார் சைக்கிள் மரத்தில் மோதி இறந்த ஓம் சிங் ராத்தோர் என்ற இளைஞர் இன்று ‘ஓம் பன்னா’ என்று கும்பிடப்படுகிறார். அவர் ஓட்டிய புல்லட் கண்ணாடிக்குள் மாலையோடு நிற்கிறது. லாரிக்காரர்கள் இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். நமக்கு இது புதிதல்ல. பாலைப் பாடல்களின் வழியெல்லாம் மயில்பீலி சூட்டிய நடுகற்கள் நிற்கின்றன. சேலத்துக்கு வடக்கே தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அந்தக் கற்கள் இன்றும் மண்ணில் இருக்கின்றன. தெய்வம் வகுக்கப்படாத நிலத்தில், அங்கே செத்தவனே தெய்வமாகியிருக்கிறான். தன்னையே காத்துக்கொள்ள முடியாமல் போனவனிடம் என்ன பேரம் பேச முடியும்? அவனுக்கு முன்னால் நிற்பவன், இந்த வழி ஆளைக் கொல்லும் என்பதையும், தன் கையிலிருக்கும் சக்கரமும் கொல்லும் என்பதையும் ஒப்புக்கொள்கிறான். சாலை வழிபாட்டின் உண்மை இந்த ஒப்புதலில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

1944-இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது சேலத்தில்தான். அந்த மண்ணின் பகுத்தறிவு இதை விடாது. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் கும்பிட்டுவிட்டு வண்டி எடுத்தவர்கள்? விபத்துக்குக் காரணம் வேகம், தூக்கக் கலக்கம், குடி, அதிக பாரம். எலுமிச்சம்பழம் இதில் எதைத் தடுத்தது? போதாக்குறைக்கு, ஓம் பன்னாவுக்கு மதுவும் படைக்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவர்களின் தெய்வத்துக்கு மது படைப்பதை எந்த நியாயத்தாலும் என்னால் காக்க முடியாது. அது அந்த வழிபாட்டின் பொருளையே கெடுக்கிறது. எதிர்வாதத்தில் பெரும்பகுதி சரி. கும்பிட்டாயிற்று, இனிக் கண் அசந்தாலும் அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பவனுக்கு வழிபாடே ஆபத்து. ஆனால் இறந்தவனின் இடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, கைகூப்பி நின்றவனுக்கு அந்த எண்ணம் எளிதில் வராது. அங்கே அவன் பார்ப்பது காப்பாற்றப்படாத ஒருவனை. இறைவன் எங்கும் இருக்கையில் மைல் கல்லுக்கு ஒரு கோயில் எதற்கு என்று கேட்கும் வேதாந்திக்கும் இதுவே பதில்: இறைவன் எங்கும் இருக்கலாம், அந்த மனிதன் செத்தது இந்த இடத்தில்.

இப்படிப் பார்த்தால் வழிபாடு, செத்தவனுக்கு வழிப்போக்கன் தீர்க்க வேண்டிய கடனாகிறது. அந்தக் கடன் வண்டியை ஓட்டுகிறவனோடு முடியுமா? அனுப்புகிறவனுக்கும் அதில் பங்கு உண்டு. 1961-இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை வாங்கக் கூடாது என்றது. நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியும் இருந்தது. 2018-இல் அதை எடுத்துவிட்டார்கள். ஒருவர் ஓட்ட ஒருவர் உறங்கிய வண்டியில் இப்போது ஒரே ஆள் போகலாம். வாடகை கட்டுபடியாகவில்லை, இரண்டாவது ஆளுக்குச் சம்பளமும் பேட்டாவும் எங்கிருந்து வரும் என்று கேட்கும் லாரி உரிமையாளரின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது; டீசலும் சுங்கமும் அவரை நெருக்குகின்றன. அப்படியானால் கடன் இன்னும் ஒரு படி நகர்கிறது. சேலத்து ஜவ்வரிசிதான் வடக்கே பல வீடுகளில் விரத நாள் உணவு. விரதம் காக்கிறவர் தட்டுக்கு அது வந்து சேர்கிற வாடகையில், டிரைவரின் தூக்கத்துக்கான விலையும் சேர்ந்திருக்க வேண்டும்.