பொதுச் சுவர்

தன் வீட்டு வாசலைப் பெருக்கிக் கோலம் போடும்படி யாரும் யாருக்கும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. தெருவைப் பெருக்க நகராட்சி இருக்கிறது. அது பெருக்காவிட்டால் திட்டுவதற்கு நமக்கு வாய் இருக்கிறது. சங்கடமெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான். அது என் சொந்தமும் அல்ல, சர்க்கார் சொத்தும் அல்ல. ஆனால் எனக்கும் அதில் பங்கு உண்டு. அந்த இடத்தை யார் பெருக்குவது?

கிராமத்தில் இந்தக் கேள்வி ஏரியின் உருவத்தில் வந்தது. வாய்க்காலில் தூர் எடுக்க வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும் என்பது வழக்கம். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். 1858-ல் சென்னை மாகாணத்தில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்தார்கள். வழக்கம் தெம்பாக இருக்கிற வரையில் அதற்குச் சட்டத்தின் ஊன்றுகோல் தேவைப்படுவதில்லை. ஊன்றுகோல் வந்துவிட்டது என்றால், கால் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

நகரத்தில் அதே கேள்வி மாடிப்படியாகவும் தண்ணீர்த் தொட்டியாகவும் மொட்டைமாடியாகவும் வந்து நிற்கிறது. இதில் நூறு ஆண்டுக்கு மேல் அனுபவப்பட்ட ஊர் மும்பை. அது பம்பாயாக இருந்த நாளில், 1915-ல், காம்தேவி என்ற பகுதியில் சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுச் சங்கம் தோன்றியது. ஸ்ரீபாத் சுப்பராவ் தல்மாக்கி என்பவர் அதற்கு முன்னின்றார். பின்னால் மாதுங்காவிலும் செம்பூரிலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பலவும் இந்தச் சங்க வாழ்க்கையில் பழகியவைதாம்.

சென்னையில் அடுக்குமாடியில் வீடு வாங்குகிறவருக்கு நிலத்தில் பிரிக்கப்படாத ஒரு பங்கைப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். மும்பையின் சங்கங்களில் ஏற்பாடு வேறு. நிலமும் கட்டடமும் சங்கத்தின் பெயரில் இருக்கவேண்டும் என்பது முறை. அங்கத்தினர் கையில் இருப்பது பங்குப் பத்திரமும், தம் பகுதியில் குடியிருக்கும் உரிமையுந்தான். 1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரின் தொழிலாளர்கள் ஒரு கூட்டுறவுக் கடை வைத்தார்கள். ஆளுக்கு ஒரு வோட்டு என்பது அவர்கள் வழி வந்த கொள்கை. 1960-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டமும் அதையே சொல்லுகிறது. ஓர் அறையில் ஆறு பேர் குடியிருந்தாலும், நாலு படுக்கை அறையில் இருவர் மட்டும் இருந்தாலும், பொதுக்குழுவில் கை ஒன்றுதான் உயரும்.

கை உயர்த்துவதில் இருக்கிற சமத்துவம் பை அவிழ்ப்பதில் அவ்வளவு எளிதாக வருவதில்லை. செம்பூரில் ஒரு சங்கத்துக்குச் சில ஆண்டுகள் காரியதரிசியாக இருந்த நண்பர் ஒருவர் சொல்வார்: “கீழ்த்தள வீட்டுக்காரரிடம் லிப்டுக்குப் பணம் கேட்டு மீண்டவன் எமலோகத்துக்கும் போய் மீளலாம்.” கீழ்த்தளத்துக்காரரின் வாதத்தை நாம் ஏளனம் செய்யக் கூடாது. “என் கால் ஒரு நாளும் அந்தப் பெட்டிக்குள் பட்டதில்லை. நாலாவது மாடிக்காரர் காற்றும் வெளிச்சமும் அனுபவிக்கிறார். நான் கொசுவையும் சாக்கடை நாற்றத்தையும் அனுபவிக்கிறேன். அவர் ஏறிப் போக நான் ஏன் ஐயா கொடுக்கவேண்டும்?” இந்தக் கேள்வியில் நியாயத்தின் வாடை இருக்கத்தான் செய்கிறது.

2014-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தில் வெளியான மாதிரித் துணைவிதிகளைப் படித்துப் பார்த்தேன். நீதி சாஸ்திரம் படிக்க விரும்புகிறவர்களும் அவற்றைப் படிக்கலாம். செலவைப் பங்கிட அவை ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ளவில்லை. தண்ணீர்க் கட்டணம் வீட்டுக்குள் வருகிற குழாய்களின் எண்ணிக்கையையும் அளவையும் பொறுத்தது. காப்புறுதித் தொகை பரப்பளவைப் பொறுத்தது. காவற்காரர் சம்பளமும் பெருக்குகிறவர் கூலியும் எல்லா வீட்டுக்கும் சமம். லிப்டுச் செலவும் சமம். பயன்படுத்தினாலும் சரி, பயன்படுத்தாவிட்டாலும் சரி என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதியிருக்கிறார்கள். அனுபவிக்கிற அளவு ஒரு நியாயம். உடைமையின் அளவு இன்னொரு நியாயம். ஆளுக்கு ஆள் சமம் என்பது மூன்றாவது நியாயம். மூன்றையும் கலந்துதான் ஒரு கட்டடம் நிற்கிறது.

லிப்டை மட்டும் ஏன் மூன்றாவது நியாயத்தில் சேர்த்தார்கள்? கணக்குப் போட்டும் இதற்குப் பதில் சொல்லலாம். மழை நீர் மொட்டைமாடி வழியாக இறங்கி, மேல்மாடி வீட்டின் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்தால், அதைச் செப்பனிடுவது அதே விதிகளின்படி சங்கத்தின் பொறுப்பு. அந்தச் செலவிலும் கீழ்த்தளத்துக்காரரின் காசு இருக்கிறது. கீழே கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் பொங்கினால், அதைத் திறக்கிற செலவில் மேல்மாடிக்காரரின் காசு இருக்கிறது. இவர் தலைக்கு அவர் கொடுக்கிறார். அவர் காலுக்கு இவர் கொடுக்கிறார்.

ஆனால் இந்தக் கொடுக்கல் வாங்கல் பதில் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. பத்து ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்து, கீழ்த்தளத்துக்காரருக்கு நூறு ரூபாய் நஷ்டம் என்று தெரிந்தால் என்ன செய்வது? அப்போது அவர் வாதம் ஜெயித்துவிடுமா? அனுபவித்த அளவுக்கே பணம் என்றால், மூன்றாவது மாடிக்கு மேலே உள்ள படிகள் நாலாவது மாடிக்காரருடையவை மட்டுமே. அந்தப் படியில் எரிகிற விளக்கும் அவர் விளக்கு. கட்டடத்தின் பின்சுவரில் வெடிப்பு விட்டால், பின்னால் குடியிருக்கிறவர் பாடு. இப்படியே பிரித்துக்கொண்டு போனால் கடைசியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தனி வீடுகள் இருக்கும், கட்டடம் இருக்காது. பொது என்பது பல சொந்தங்களின் கூட்டல் அல்ல. லிப்டு வேண்டுமா, எந்தக் கம்பெனியின் லிப்டு, எப்போது மாற்றுவது என்பதிலெல்லாம் கீழ்த்தளத்துக்காரருக்கும் ஒரு வோட்டு இருக்கிறது. அபிப்பிராயம் சொல்லச் சமமான உரிமை உள்ளவனுக்குச் சுமையிலும் சமமான தோள் இருக்கவேண்டும். அது மேல்மாடிக் கிழவருக்குச் செய்கிற தர்மம் அல்ல. தர்மமானால் கொடுக்கிறவனுக்குக் கர்வமும் வாங்குகிறவனுக்குக் கூச்சமும் வரும். இது கடமை, ஆகையால் இரண்டும் வர வேண்டியதில்லை.

இந்த நியாயத்தை ஒப்புக்கொண்டவர்களை இன்னொரு கேள்வி மடக்குகிறது. சில கட்டடங்களில், வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணும் சாமான் கொண்டு வருகிற பையனும் அங்கத்தினர்களின் லிப்டில் ஏறக் கூடாது என்று பலகை தொங்குகிறது. லிப்டில் ஏறாத கீழ்த்தளத்துக்காரர் ‘நம்மில் ஒருவர்’ என்பதற்காகப் பணம் கேட்கிறோம். நம் எச்சில் பாத்திரத்தைத் துலக்க நாலு மாடி ஏறி வருகிறவளை ‘நம்மில் ஒருத்தி அல்ல’ என்பதற்காகப் படியில் அனுப்புகிறோம். அவளுக்கு வோட்டு இல்லை, உண்மைதான். ஆனால் கட்டடம் கட்டடமாக இருப்பதில் அவள் கைக்கும் பங்கு இருக்கிறது. சமத்துவத்தைப் பணம் வசூலிக்கும்போது மட்டும் நினைவு கொள்ளுகிற சங்கம், கீழ்த்தளத்துக்காரரின் முகத்தை எப்படி நிமிர்ந்து பார்க்கும்?

சமச் சுமையிலும் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. கட்டடம் கிழமாகிறது, கம்பி துருப்பிடித்துச் சிமெண்டு உதிர்கிறது. வீட்டுக்கு இரண்டு லட்சம் என்று கமிட்டி நோட்டீஸ் ஒட்டுகிறது. வேலையில் இருக்கிற இளைஞனுக்கு அது ஒரு முணுமுணுப்பு. குடும்பப் பென்ஷனில் காலம் தள்ளுகிற விதவைக்கு அது இடி. அவளை விட்டுவிடலாம் என்று கூட்டத்தில் ஒருவர் கருணையோடு எழுந்து பேசுவார். அவள் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். அந்தக் கருணையைவிட நோட்டீஸே மேல்.

இதற்குப் பரிகாரம் பத்து வருஷத்துக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டியது. கட்டடம் கட்டிய செலவில் ஆண்டுக்கு நூற்றுக்குக் கால் ரூபாயாவது எதிர்கால நிதிக்கும், முக்கால் ரூபாயாவது பழுதுபார்க்கும் நிதிக்கும் சேர்க்கவேண்டும் என்று அந்த விதிகள் கூறுகின்றன. வீட்டைக் கட்ட இருபது லட்சம் ஆயிற்று என்றால் ஆண்டுக்கு இருபதாயிரம். மாதத்துக்கு ஆயிரத்து எழுநூறு ரூபாய்க்குள்தான். ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் “மாதச் சந்தாவைக் கூட்டாதீர்கள்!” என்று ஒருவர் எழுந்து கைதட்டல் வாங்குகிறார். ஏழைக்காகப் பேசுவதாகவே அவர் எண்ணுகிறார். அந்தக் கைதட்டலுக்குப் பில் பின்னால் வருகிறது. அதைக் கட்ட முடியாமல் வீட்டை விற்றுவிட்டுப் போகிறவள் அந்த ஏழைதான்.

சில சமயம் பில் பணமாக வருவதில்லை. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் சர்ப்சைடு ஊரில், 1981-ல் கட்டிய பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. கூட்டுறவுச் சங்கம் அல்ல என்றாலும், வீட்டுக்காரர்கள் தேர்ந்தெடுத்த குழுதான் அதை நிர்வகித்தது. 2018-ல் ஓர் எஞ்சினீயர் வந்து பார்த்து, நீச்சல்குளத் தளத்தின் கீழ்க் கான்கிரீட்டு மோசமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். செலவு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் என்று கணக்கு வளர்ந்தது. எவ்வளவு, யார், எப்போது என்று மூன்று ஆண்டு வாதம் நடந்தது. 2021 ஜூன் 24-ஆம் தேதி, எல்லாரும் தூங்குகிற நேரத்தில், கட்டடத்தின் ஒரு பெரும்பகுதி சரிந்தது. தொண்ணூற்றெட்டுப் பேர் மாண்டார்கள். இடிந்ததற்குத் தாமதம் ஒன்றே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. கட்டிய நாளிலேயே புகுந்த குறைகளும் இருந்தன. ஆயினும் கான்கிரீட்டுக்கு நம் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் தெரியாது. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது என்பதற்காகத் துரு தன் வேலையை ஒத்திவைப்பதில்லை.

ஆகவே சங்கம் கேட்கிற சந்தா இன்றைய அண்டை வீட்டாருக்காக மட்டும் அல்ல என்று எனக்குப் படுகிறது. நாளைக்கு அந்தச் சுவருக்குள் தூங்கப்போகிற, நாம் முகம் அறியாத ஒரு குழந்தைக்காகவும் அது கேட்கப்படுகிறது. அந்தக் குழந்தைக்குப் பொதுக்குழுவில் வோட்டு இல்லை. எழுந்து ஆட்சேபம் சொல்ல நாவும் இல்லை.

கோயில் மண்டபத்துத் தூணைச் செதுக்கியவன் பெயர் நமக்குத் தெரியாது. அவன் நிழலில் உட்காருகிறோம். கூட்டுறவுச் சங்கத்துக் காரியதரிசியின் பெயரையும் யாரும் கல்லில் வெட்டப் போவதில்லை. சம்பளமில்லாத வேலை, வசவு மட்டும் மாதந்தோறும் வரும் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்கிறார். நாம் காப்பி குடித்துக்கொண்டே, “இந்த மனிதருக்கு வேறு வேலை இல்லை” என்கிறோம். அவருக்கு வேறு வேலை இருக்கிறது. அதை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கிறார்.