காரணமும் பழியும்

அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் 'ஜாமா நெட்வொர்க் ஓப்பன்' இதழில் வெளியிட்ட ஆய்வு, 1997 முதல் 2016 வரை அமெரிக்காவில் எடுக்கப்பட்ட தேசிய உடல்நலக் கணக்கெடுப்புகளிலிருந்து ஏறத்தாழ 2 லட்சம் குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்து நோக்கியது. பால், முட்டை, நிலக்கடலை போன்றவற்றின் புரதத்தைப் பகையெனக் கொண்டு உடலின் எதிர்ப்பாற்றல் கிளர்ந்தெழும் நிலையே உணவு ஒவ்வாமை; பெற்றோர் கூற்றின்படி அது ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் 11.25 விழுக்காட்டினருக்கும் ஏனையோரில் 4.25 விழுக்காட்டினருக்கும் இருந்தது.

இவ்வேறுபாடு பெரிது, ஆயினும் அது உடனிகழ்ச்சியையே காட்டுகிறது, காரணத்தை அன்று. குயவனுக்கு மண் சுமந்து வந்த கழுதை, குடம் உருவாகுமுன் அங்கிருந்தும் குடத்துக்குக் காரணமாவதில்லை என்பர் நியாயம் என்னும் தருக்க மரபின் நூலோர். காரியத்துக்கு முன்னின்றும் அதை விளைவிப்பதில் பங்கில்லாத இத்தகையதை அவர்கள் 'அந்யதாசித்தம்' என்று விலக்கினர். ஒவ்வாமையை அவ்வாறு விலக்கிவிடவும் இப்போது இயலாது. எதிர்ப்பாற்றலில் நேர்ந்த ஏதோவொரு மாறுபாட்டிலிருந்து ஒவ்வாமையும் ஆட்டிசமும் கிளைத்திருக்கலாம். ஆனால் ஒரே வேளையில் கேட்டறிந்த விவரங்களிலிருந்து எது முந்தியது என்பதைக்கூட உறுதிசெய்ய முடியாது.

காரணம் தேடும் மனம் பழி சுமத்த ஆள் தேடும் மனமாக மாறிவிடுவதே இங்குள்ள பெருந்துயரம். தன் மகனுக்கே ஆட்டிசம் இருந்த உளவியலாளர் பெர்னார்டு ரிம்லாண்ட், அது உடற்கூறு சார்ந்தது என்று 1964இலேயே வாதிட்டிருந்தும், புரூனோ பெட்டல்ஹெய்ம் என்பவர் 1967இல் வெளியிட்ட நூல் பெற்றோரின் அன்பின்மையையே குற்றம்சாட்டியது. முற்பிறவி வினை என்பாரும், கருவுற்றிருந்தபோது தாய் உண்ட உணவே என்பாரும் அதே கொடுமையைத்தான் வேறு சொற்களில் செய்கின்றனர்.

கோதுமையிலுள்ள குளூட்டனையும் பாலிலுள்ள கேசீனையும் நீக்கினால் ஆட்டிசம் அகலும் என்ற நம்பிக்கைக்கு இதுவரை நடந்த சோதனைகள் உறுதியான சான்று தரவில்லை. அதனால் ஒவ்வாமையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றாகாது. பேச இயலாத குழந்தை வயிற்றுவலியை அலறியோ தலையை மோதிக்கொண்டோ வெளிப்படுத்தும்போது, அதை ஆட்டிசத்தின் இயல்பென்று கடந்துபோவது அக்குழந்தையின் வலியையே மறுப்பதாகும். அவ்வலி தீர்க்கப்பட வேண்டியது அது வலி என்பதனால்தான். குழந்தையை வேறொருவராக மாற்றும் வழி என்பதனால் அன்று. எனவே மருத்துவர் சோதித்து உறுதிசெய்த உணவை நீக்குவது கடமையாகிறது. சோதிக்காமலே, சிலவகை உணவை மட்டும் ஏற்கும் குழந்தையிடமிருந்து பாலையும் கோதுமையையும் பறிப்பது, அதன் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தையும் உண்பதில் அதற்கு எஞ்சியிருக்கும் சிறு மகிழ்ச்சியையும் குறைத்துவிடக்கூடும்.