யார் பேச வேண்டும்?

கிராம சபைக்கு நான் முதன்முதலில் போனது சம்பளத்துக்காகத்தான். ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர் வேலை. முந்தின நாள் தெருத்தெருவாகப் போய்ப் பெண்களைத் திரட்டுவேன். மனு என் வாசகம், கையெழுத்து அவர்களுடையது. அறிக்கையில் 'மக்கள் பங்கேற்பு' என்றொரு கட்டம் இருக்கும். தலைகளை எண்ணி அதில் நிரப்புவேன்.

ஓர் அக்டோபர் 2 கூட்டத்தில் மேல்நிலைத் தொட்டி பற்றிப் பேச ஓர் அக்காவைத் தயார்செய்திருந்தேன். தலைவர் "என்னம்மா?" என்றதும் அவர் என் பக்கம் திரும்பி, "சார் சொல்லுவாரு" என்றார். எழுந்து சொன்னேன். தொட்டி வந்தது. அடுத்த வருஷம் திட்ட நிதி முடிந்து நாங்கள் கிளம்பியபோது கேட்டார்: "இனிமே யாரு தம்பி பேசுவா?" (சபையில்தான் நான் சார், வாசலில் எப்போதும் தம்பி.)

பிறகுதான் ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடனைப் பற்றிப் படித்தேன். 1990இல் தொடங்கிய அமைப்பு. நிறுவன நிதி வாங்குவதில்லை. 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் முதல் ஜன் சுன்வாய், அதாவது மக்கள் விசாரணை நடத்தினார்கள். அந்த விசாரணைகளில் செய்ததெல்லாம் ரொம்ப எளிமை. மஸ்டர் ரோலைக் கையில் வாங்கி ஊர்முன் சத்தமாக வாசித்தார்கள். செத்தவர் பெயரில் கூலி. வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி. கேட்டவர்கள் எழுந்து, "அந்த வேலைக்கு நான் போகவே இல்லையே" என்றார்கள். 2005இன் தகவல் உரிமைச் சட்டத்துக்கு இந்த விசாரணைகளிலிருந்தும் ஒரு பாதை போகிறது.

அந்த வாக்கியத்தைச் சொல்ல யாரும் பயிற்சி தர வேண்டியதில்லை. அவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது. நான் எழுதிய மனுவிலோ எனக்குத் தெரிந்ததுதான் இருந்தது.

ஆனால் அவர்களைப் புனிதமாக்கிவிடவும் மனசு வரல. அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான அருணா ராய், ஐ.ஏ.எஸ். வேலையை விட்டு வந்தவர். அவரும் வெளியாள்தான். வெளியாள் இல்லாமல் அந்தக் காகிதம் ஊருக்கு வந்திருக்குமா? தவிர, அக்கா பேசப் பழகும்வரை அந்தத் தெரு உப்புத் தண்ணீர் குடிக்கட்டும் என்று சொல்ல நான் யார்? எங்கள் வீட்டில் அப்போதே கேன் தண்ணீர்.

அன்று அக்காவிடம், "நீங்களே பேசலாமேக்கா" என்றேன்.

சிரித்தார். "அப்ப அன்னிக்கு நீ ஏன் தம்பி எந்திரிச்ச?"