ஒரு கோடும் பல நோக்குகளும்

நாகர்கோவில் நாகராஜர் கோயிலின் தூண்களில் பார்சுவநாதர், மகாவீரர் திருவுருவங்கள் உள்ளன. பார்சுவநாதரின் தலைமேல் விரிந்த அரவப் படத்தை மட்டும் காண்பவர், அவரை நாகதேவர் என்றே கருதிவிடக்கூடும். தவக்கோலத்தையும் சேர்த்து நோக்குபவரே தீர்த்தங்கரர் என அறிவார். படம் மெய், அதுவே முழு மெய் என்பது பிழை. ஒன்றையே பற்றி நிற்கும் இவ்வேகாந்தத்தை நம் ஆகமங்கள் விலக்கின.

இப்பிழை மருத்துவமனையில் நிகழ்ந்தால் உயிருக்கே இடராகும். இ.சி.ஜி. எனும் இதய மின்வரைபடத்தைச் செம்மை செய்த ஐந்தோவன் 1924-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றார். இன்று உடலில் 10 முனைகளைப் பொருத்தி, ஒரே இதயத்தை 12 கோணங்களில் பதிவு செய்கின்றனர். ஒரு கோணம் போதாது என்பதை அக்கருவியே ஒப்புக்கொள்கிறது!

ஆயினும் தவறுகள் நேர்கின்றன. இரு கைகளின் முனைகள் மாறிப்போனால், இதயம் வலப்புறம் அமைந்ததுபோல் தோன்றும். உடல் நடுக்கம், கொடிய இதயத் துடிப்புக் கோளாறுபோல் பதிவாகும். இத்தகைய பொய்க்கோடுகளை நோயெனக் கொண்டமையால் தேவையற்ற சோதனைக்கும் சிகிச்சைக்கும் ஆளானோரைப் பற்றி 1999-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினர். மாறாக, மாரடைப்பின் தொடக்கத்தில் வரைபடம் இயல்பாகவே இருத்தலும் உண்டு.

நல்லெண்ணத்துடன் செய்த தவறான கணிப்பு இம்சையாகுமா? தத்துவார்த்த சூத்திரம் இம்சையைப் பிரமாதத்தோடு, அதாவது விழிப்பின்மையோடு, சேர்த்தே இலக்கணப்படுத்துகிறது. முயன்று ஆராய்ந்தும் நேர்ந்த பிழை வேறு. ஆராயாது துணிந்த பிழை வேறு. பின்னதை நல்லெண்ணம் காவாது.

அவ்வாறாயின், ஐயுற்றுக் காலந்தாழ்த்தலாமோ? கூடாது. நெஞ்சுவலியுடன் வந்தவருக்குப் பத்து நிமிடங்களுக்குள் வரைபடம் எடுத்து நோக்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. தாமதமும் இம்சையே. அநேகாந்தம் என்பது முடிவெடுக்கத் தயங்குதல் அன்று. முடிவெடுக்குமுன் விரைந்து பல பக்கமும் நோக்குதல். நோயாளியின் முகம், நாடி, வலியின் தன்மை, பழைய வரைபடம் ஆகியவற்றோடு புதிய கோட்டை ஒப்பிடுதலும், ஐயமிருப்பின் மீண்டும் பதிவு செய்தலும் வேண்டும். கருவி அச்சிட்டுத் தரும் குறிப்பு ஒரு நயமே, தீர்ப்பு அன்று.

இல்லத்தார்க்கும் இதில் கடமை உண்டு. முதியோரின் பழைய வரைபடங்களைப் பேணி வைத்து, மருத்துவரிடம் செல்கையில் உடன் கொண்டு செல்லுங்கள். நடுக்க நோய் இருப்பின் மறவாது கூறுங்கள். பழுப்பேறிய அவ்வொரு தாளைப் பேணுதலும் சீவகாருண்யமே.