பிறர் கால்களால் தாண்டுவது

நீளம் தாண்டும் போட்டியில் அளவெடுக்கும் முறைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஓடி வந்தவர் பலகைக்கு ஒரு சாண் முன்னதாகவே காலை ஊன்றி எழுந்துவிட்டால் அந்தச் சாண் அவர் கணக்கில் சேராது. ஒரு விரற்கடை கடந்து ஊன்றிவிட்டாலோ பாய்ச்சல் முழுவதுமே செல்லாததாகிவிடும். மணலில் விழுந்த பிறகும், பாதங்கள் எவ்வளவு தூரம் சென்று பதிந்தன என்பதைப் பாராமல், பின்னால் சரிந்த கையோ இடுப்போ பலகைக்கு மிக அருகில் எங்கே தடம் பதித்ததோ அங்குதான் நாடாவைப் பிடிப்பார்கள். ஒருவருடைய தேகத்தில் மிகப் பின்தங்கிய உறுப்பைக் கொண்டே அவரை மதிப்பிடும் இந்த நியாயம் கடுமையானதாயினும், மைதானத்தில் அதை எதிர்த்து யாரும் வாதாடுவதில்லை. ஆனால் முப்பது வயதைக் கடந்து, கால்களின் வேகம் தணிந்து, இன்னும் நாற்பது ஐம்பது ஆண்டு ஜீவிதம் மீந்திருக்கையில் அந்த வீரரை எந்தக் கோலால் அளப்பது என்பதற்கு விதிப் புத்தகத்தில் விடை கிடையாது. அஞ்சு பாபி ஜார்ஜின் வரலாற்றைச் சிந்திக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியே என் மனத்தில் எழுகிறது.

கேரளத்தில் சங்கனாச்சேரிப் பக்கத்துக் கிராமமொன்றில் 1977-இல் பிறந்த அவர், 2003-இல் பாரிஸ் நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம் பெற்றார். அந்த அரங்கில் இந்தியர் எவரும் அதற்குமுன் பதக்கம் கண்டதில்லை. மறு ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தாண்டிய 6.83 மீட்டர்தான் அவர் வாழ்நாளின் சிகரம். அதற்குக் கிடைத்ததோ ஆறாம் இடம். பின்னால் மரியன் ஜோன்ஸின் ஊக்கமருந்துக் குற்றம் வெளிப்பட்டதும் அந்த ஆறு ஐந்தாயிற்று. 2005-இல் மொனாக்கோவில் நடந்த உலகத் தடகள இறுதிப் போட்டியில் வெள்ளியாகக் கிடைத்ததும், ரஷ்ய வீராங்கனை கோட்டோவாவின் பழைய மாதிரியைப் பல ஆண்டுகள் கழித்து மறுபடி சோதித்ததன் பயனாகத் தங்கமாக மாறியது. காலங்கடந்து வரும் நீதி பதிவேட்டைத் திருத்துமேயன்றி, அன்றைய மாலையைத் திருப்பித் தந்துவிடாது. இவ்வளவையும் ஒரே சிறுநீரகத்தோடு சாதித்ததாக அவரே 2020-இல் வெளியிட்டபோது நாடு வியந்தது. விளையாடிக்கொண்டிருந்த காலத்தில் அதைச் சொல்லி ஒரு சலுகையும் அவர் தேடிக்கொள்ளவில்லை என்பதே எனக்கு அதைவிட வியப்பாக இருந்தது.

அவருடைய வரலாற்றைப் பேசுகிறவர் அவர் கணவரைப் பேசாமல் இருக்க முடியாது. வாலிபால் வீரர் ஜிம்மி ஜார்ஜின் தம்பியாகிய ராபர்ட் பாபி ஜார்ஜ், மும்முறை தாண்டுதலில் தாமே தேசிய அளவில் வாகை சூடியவர். இயந்திரப் பொறியியல் படித்தவர். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தம் போட்டி வாழ்க்கையை முடித்துக்கொண்டு அஞ்சுவைப் பயிற்றுவிப்பதையே தொழிலாக ஏற்றார். இதைத் தியாகம் என்று போற்றுவது பத்திரிகைகளின் சம்பிரதாயம். அந்தப் புகழுரையில் எனக்குப் பூரண சம்மதமில்லை. தியாகம் செய்தவன் தனக்குரியதை இழந்துவிட்டவன். இங்கே இழந்தது எது? தன் கால்கள் எட்டக்கூடிய தூரத்தின் எல்லையைக் கண்டுகொண்ட ஒருவன், அதற்கு அப்பாலுள்ள தூரத்தின்மேல் கொண்ட ஆசையை விடமாட்டாமல், வேறொருவர் கால்களைக் கொண்டாவது அதை எட்டிவிடத் துணிகிறான் என்றால், அதைத் துறவு என்பதைவிடப் பேராசை என்பதே பொருத்தமாகும். தன் உடம்போடு நின்றுவிடாத காரணத்தால் குற்றம் கழிந்துபோன பேராசை என்று வேண்டுமானால் சொல்லலாம். நல்ல ஆசிரியர்கள் பலரிடமும் இந்தக் குணத்தைப் பார்க்கிறேன். தன்னலமற்றவர்கள் என்று நாம் வணங்குகிறோம். உண்மையில் அவர்களுடைய தன்னலம் நம்முடையதைவிட விசாலமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

எனினும் ஆசை வேறு, அதை நிறைவேற்றும் வித்தை வேறு. சங்கீத வித்வான் ஒருவர் எழுபது வயதிலும் சிஷ்யனுக்கு எதிரே அமர்ந்து, குரல் சற்றுத் தளர்ந்திருந்தாலும், ராகத்தின் நெளிவு சுளிவுகளைப் பாடியே காட்டிவிடலாம்; காலம் செல்லச் செல்ல அவர் வித்தை கனிவதும் உண்டு. தாண்டும் வித்தைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நாற்பது மீட்டர் தூரம் வேகத்தைக் கூட்டிக்கொண்டே ஓடி வந்து, கடைசிக்கு முந்திய அடியைச் சற்று நீட்டி இடுப்பைத் தாழ்த்தி, கடைசி அடியைக் குறுக்கி, இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள பலகையில் பாதத்தை அறைந்து எழும்புவதும், ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் அந்தரத்தில் இருப்பதும், வயதான உடம்பு செய்து காட்டக்கூடியவை அல்ல. அதனினும் பெரிய சங்கடம் ஒன்றுண்டு. இவற்றை நன்றாகச் செய்தவர், செய்த தருணத்தில் இவற்றைப் பற்றிச் சிந்தித்திருக்க மாட்டார்; பலகை எங்கே என்று குனிந்து பார்த்த மாத்திரத்தில் அடி குலைந்துவிடும். ஆகவே சாம்பியனாக இருந்தவர் ஆசானாகும்போது, தம்மை அறியாமலே தம் உடம்பு கற்று வைத்திருந்ததை, உடம்பு அதை மறக்கத் தொடங்கும் வயதில், அறிவால் மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டியவராகிறார். தேர்ந்த வீரர்கள் பலர் சாதாரண ஆசிரியர்களாக நின்றுவிடுவதற்குக் காரணம், தமக்கு எளிதாக வந்தது பிறருக்கு ஏன் வரவில்லை என்பது அவர்களுக்குக் கடைசிவரை விளங்காததே என்பது என் அபிப்பிராயம்.

அஞ்சுவும் பாபியும் 2016-இல் பெங்களூரில் சிறுமியர்க்கென ஒரு பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார்கள். மைதானப் பயிற்சி பெரும்பாலும் பாபியின் பொறுப்பு. ஆதரவும் வழிகாட்டலும் அஞ்சுவுடையவை. 2021-இல் உலகத் தடகள அமைப்பு அவருக்கு ஆண்டின் சிறந்த பெண்மணி என்ற விருதை வழங்கியபோது, பாரிஸையும் ஏதென்ஸையும்விட இந்தக் கூடத்தையே முன்னிறுத்தியது. அங்கே வளர்ந்தவர் ஜான்சியைச் சேர்ந்த ஷைலி சிங். தையல் தொழிலால் தனியே நின்று மக்களை வளர்த்த ஒரு தாயின் மகள். ஏதென்ஸில் அஞ்சு 6.83 மீட்டர் தாண்டிய அந்த 2004-ஆம் ஆண்டில்தான் பிறந்தவர். பதினேழாம் வயதில், நைரோபியில் இருபது வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டியில் அவர் 6.59 மீட்டர் தாண்டினார். ஸ்வீடன் வீராங்கனை மாயா ஓஸ்காக் தாண்டியதோ 6.60. ஒரே சென்டிமீட்டரில் தங்கம் போயிற்று. இத்தகைய கணத்தில் ஓரத்தில் நிற்கும் ஆசானின் நிலையே மிகப் பரிதாபமானது என்று எனக்குத் தோன்றுகிறது. தாண்டியவளுக்காவது வருந்துவதற்குத் தன் கால் இருக்கிறது. இன்னொரு முயற்சி இருந்திருந்தால் என்று எண்ணிக்கொள்ளத் தன் உடம்பில் மிஞ்சிய பலம் இருக்கிறது. ஆசானிடமோ சொல்லி முடித்த வார்த்தைகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

இந்த உறவில் மறைந்துகிடக்கும் விசித்திரம் இன்னொன்று. மாணவி முழு வெற்றி பெறும் நாளில் அழிவது ஆசானின் பெயரே. 6.83 என்ற தேசிய சாதனை இருபது ஆண்டுகள் கடந்தும் அசையாமல் நின்றது. அதை அசைக்கத்தக்கவர்களைத் தேடிப் பிடித்து, ஊட்டி வளர்த்து, குறைகளைத் திருத்தி அனுப்பும் வேலையை, அதற்கு உடையவரே செய்துவந்தார். இதில் மனம் ஒரு கணமும் பிணங்காது என்று நான் நம்பவில்லை. மனித சுபாவம் அப்படிப்பட்டதன்று. தன் இலட்சணங்களைத் தாங்கிய மகனிடம் தோற்பதில் தந்தைக்குள்ள இன்பத்தை நம் முன்னோர் வெகுவாகப் புகழ்ந்தார்கள்; அந்த இன்பத்துக்குள்ளே ஒரு முள்ளும் இருக்குமென்பதை அவர்கள் நாகரிகம் கருதிச் சொல்லாமல் விட்டார்கள் போலும். முள் தைப்பதை உணர்ந்துகொண்டே மறுநாளும் நாடாவை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போகிறவரையே நான் பெரியவராக மதிக்கிறேன். வலிக்கவில்லை என்று சொல்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை குறைவு.

2023-இல் பெங்களூரில் ஷைலி 6.76 மீட்டர் தாண்டினார். ஏழு சென்டிமீட்டர் மீந்தது. 2025 ஏப்ரலில் கொச்சியில் நடந்த தேசியப் போட்டியில் அவர் 6.64 மீட்டர் தாண்டியபோது, அதே போட்டியில் 2002-இல் அஞ்சு ஏற்படுத்தியிருந்த 6.59 என்ற பழைய அளவு அழிந்தது. நைரோபியில் ஒரு தங்கத்துக்குப் போதாமற்போன அதே எண் அது. பெரிய சாதனை அன்று. ஒரு போட்டிக்குள் அடங்கிய சிறு பதிவுதான். ஆயினும் ஆசானின் சொந்த மாநிலத்திலேயே அது நேர்ந்தது. ஏதென்ஸின் எண்ணை அன்று யாரும் தொடவில்லை.