கோயில் நோட்டீசும் கள்ள மென்பொருளும்

ஆடி மாதம் நெருங்கினால் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டக் கோயில்களில் வேலை கூடிவிடும். திருவிழா நோட்டீஸ், உபயக்காரர்கள் பட்டியல், வாசலில் கட்ட ஒரு பேனர், புலனத்தில் அனுப்ப ஒரு படம். ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று எங்கே போனாலும் இந்த வேலை "கம்ப்யூட்டர் தெரிஞ்ச தம்பி" ஒருவன் தலையில்தான் விழும். பெரும்பாலும் அவன் மடிக்கணினியில் ஃபோட்டோஷாப் இருக்கும். அதைக் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டான். கிராக் போட்டிருப்பான்.

இதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. உண்டியலில் யாராவது கை வைத்தால் ஊரே கூடிவிடும். அம்மன் படம் போட்ட நோட்டீசைக் கள்ள மென்பொருளில் செய்தால் மட்டும் "நல்லா இருக்கு தம்பி" என்று பாராட்டிவிட்டுப் போகிறோம். அப்படியென்றால் இது திருட்டு இல்லையா? இளைஞர்களாகிய நாம் நேர்மையாக யோசிக்க வேண்டிய கேள்வி இது.

நம்ம பசங்க சொல்லும் முதல் பதில்: "நான் எடுத்ததால அவங்ககிட்ட என்னாண்ணே கொறைஞ்சு போச்சு?" பொறியியல் மாணவன் என்ற முறையில் சொல்கிறேன், இது அசட்டுக் கேள்வி இல்லை. ஒருவருடைய மோட்டார் சைக்கிளை எடுத்தால் அவர் நடந்து போக வேண்டும். மென்பொருளை நகல் எடுத்தால் அசல் அப்படியே இருக்கிறது. அதனால்தான் சட்டமும் இதைச் சாதாரணத் திருட்டாகப் பார்க்காமல், 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்திருக்கிறது. கணினி நிரலையும் எழுத்துப் படைப்புகளில் ஒன்றாகவே அந்தச் சட்டம் எண்ணுகிறது.

ஆனால் குறைவது பொருள் மட்டும்தானா? எங்கள் பக்கத்தில் ஒரு தம்பி நான்கு இரவு உட்கார்ந்து திருவிழாவுக்கு ஒரு படம் வரைந்தான். அடுத்த வாரமே வேறோர் இடத்து நிகழ்ச்சி நோட்டீசில் அதே படம், அவன் பெயரை அழித்துவிட்டு வந்தது. அவனிடம் இருந்த கோப்பில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. ஆனாலும், "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று கொதித்தான். அந்தப் படத்தை அவன் வரைந்ததும் கிராக் போட்ட மென்பொருளில்தான். அவன் கோபம் நியாயம் என்றால், அந்த மென்பொருளை எழுதியவர்களின் கோபமும் நியாயம். எடுக்கப்பட்டது உழைத்தவனின் சம்மதம். பால் மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். எடை போடும் இடத்தில் அரை கிலோவைக் குறைத்து எழுதினால் வயிறு எப்படி எரியும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். திருக்குறளின் கள்ளாமை அதிகாரம் கை செய்ததை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. எடுக்கலாம் என்று நினைக்கும் நினைப்பையே குற்றமாக வைக்கிறது.

இரண்டாவது பதில்தான் கனமானது. "அவங்க பெரிய கம்பெனி, நாம இல்லாதவங்க. மாசா மாசம் அவ்ளோ வெள்ளிக்கு எங்க போறது?" இதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. 2013இல் அடோபி நிறுவனம் தன் புதிய மென்பொருள்களைச் சந்தா முறைக்கு மாற்றியது. அதற்கு முன் ஒரு முறை வாங்கினால் அது நம் கையில் இருக்கும். இப்போது சந்தா நின்றால் மென்பொருளும் நின்றுவிடும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புது விஷயமே இல்லை. லயத்து வீடு அப்படித்தான். வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக உழைத்தும் குடியிருந்த வீடு சொந்தமாகாத கதை நமக்குப் பக்கத்துக் கதை.

அப்படியானால் கிராக் போடுவது ஒரு வகை எதிர்ப்பு ஆகாதா? ஆகாது என்றுதான் நினைக்கிறேன். கிராக் போட்டவன் முதலாளியிடமிருந்து விடுபடவில்லை. அவன் பழகிய கருவி அவர்களுடையது, கோப்பின் வடிவம் அவர்களுடையது. நாளை வேலைக்குப் போனாலும் அதையேதான் கேட்பான். வாடகை கொடுக்காமல் அதே லயத்தில் பயந்துகொண்டு இருக்கிறான், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, கிராக் போடும்போது வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். அந்தக் கணினியில்தான் உபயக்காரர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன.

தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில் நம்மவர்கள் வேறு வழி கண்டார்கள். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு போட்டார்கள். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தில் தொடங்கி, தோட்டங்களையே வாங்கினார்கள். யாருடையதையும் பறிக்கவில்லை. கூடிச் சேர்த்துத் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்டார்கள்.

மென்பொருள் உலகிலும் அந்த வழி உண்டு. 1995இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள், நம் வயதுக்காரர்கள், படம் திருத்தும் மென்பொருள் ஒன்றை எழுதத் தொடங்கினார்கள். அதுதான் ஜிம்ப். 1996இல் அதைப் பொதுவில் விட்டார்கள். அன்றிலிருந்து பல நாட்டுத் தன்னார்வலர்கள் அதை வளர்க்கிறார்கள். 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்தது. பேனருக்கும் எழுத்து வேலைக்கும் இங்க்ஸ்கேப், ஓவியத்துக்குக் கிரிட்டா. எல்லாமே கட்டற்ற மென்பொருள்கள்.

கட்டற்றது வேறு, இலவசம் வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் அவர்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்தக் குழப்பம் இல்லை. கேன்வா, ஃபோட்டோபீயா போன்றவற்றை இலவசமாகப் பயன்படுத்தலாம். ஃபோட்டோபீயா ஃபோட்டோஷாப் கோப்பையும் திறக்கும். அவசரத்துக்கு நல்லவை, கள்ளமும் இல்லை. ஆனால் சாவி உரிமையாளர் கையில்தான். ஜிம்பின் மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். பொத்தான்கள் இடம் மாறியிருப்பதால் முதல் இரண்டு வாரம் எரிச்சல் வரும். அச்சகத்தில் கேட்கும் நான்கு வண்ண முறை ஜிம்பில் இன்னும் முழுமையாக இல்லை. அதற்குக் கிரிட்டா உதவும். தமிழுக்கு ஒரு லாபமும் உண்டு. பழைய ஃபோட்டோஷாப்பில் யூனிகோட் தமிழைத் தட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறும். ஜிம்பும் இங்க்ஸ்கேப்பும் தமிழை ஒழுங்காகக் கோக்கின்றன.

இத்தோடு முடிந்துவிட்டதா? "சும்மா கெடைக்குது, எடுத்துக்கோ" என்று நின்றால், பழைய மனம் அப்படியே இருக்கிறது, சட்டச் சிக்கல் மட்டும் தீர்ந்தது. வள்ளுவர் ஒப்புரவைச் சொல்லும்போது ஊருணியை எடுத்துக்காட்டுகிறார். ஊருணியில் யாரும் தண்ணீர் எடுக்கலாம். தூர் வாரும் நாளில் மண்வெட்டியோடு போகவும் வேண்டும். நம் நாட்டு முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கி, அதன் ஒரு பதிப்பை இலவசமாகக் கொடுத்தார். நாம் இன்று தமிழில் தட்டச்சு செய்வது இப்படிக் கொடுத்தவர்களால்தான். கொடுப்பதால் கிடைத்ததை வாங்கிக்கொள்வதில் இழிவு இல்லை. வாங்கியவன் தானும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்பதுதான் முறை.

நம்மால் என்ன கொடுக்க முடியும்? ஜிம்பின் மெனுக்களைத் தன்னார்வலர்கள் தமிழாக்கியிருக்கிறார்கள். இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. நம்மில் தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள் கை கொடுக்கலாம். எழுத்து எங்காவது உடைந்தால் அதை உருவாக்குநர்களுக்கு எழுதலாம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கலாம். முதலிலேயே கள்ளமில்லாத கருவியில் பழகினால், "வேற வழி இல்லைண்ணே" என்ற பேச்சே அந்தப் பிள்ளைகளுக்கு வராது.

ஆலய நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோட்டீஸ் செய்யும் தம்பிக்கு இந்த மாற்றத்துக்கு ஒரு மாதம் நேரம் கொடுங்கள். "போன வருசம் மாதிரி பளபளன்னு இல்லையே" என்று உடனே சொல்லாதீர்கள். அவன் செய்யும் வேலைக்குச் சின்னத் தொகையாவது கொடுங்கள். உழைப்புக்கு மதிப்பு உண்டு என்பதை அவன் நம்மிடமிருந்தே கற்றால், மற்றவர் உழைப்பை எடுக்கும்போது அவனுக்குக் கை தயங்கும்.