காட்டின் எல்லையை வகுப்பவர் யார்?

ஒரு காட்டைக் காக்க எல்லை வகுக்கும்போது அதன் விளைவைச் சுமப்பவை இரண்டு தரப்புகள். ஒன்று காட்டுக்குள் வாழும் உயிர்கள். மற்றொன்று காட்டை ஒட்டிப் பிழைக்கும் மக்கள். முதல் தரப்புக்கு வாயில்லை. இரண்டாம் தரப்புக்கு வாய் உண்டு, ஆனால் அதனிடம் கேட்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்ததில்லை. வாயில்லா உயிர்களுக்காகப் பேசுகிறவர், பேசக்கூடிய மக்களைக் கேளாமலே முடிவெடுக்கலாமா என்பதுதான் இங்கே எழும் அறக் கேள்வி. தேனி மாவட்டத்து ராயப்பன்பட்டியில் இந்தக் கேள்வி ஊர்வாசலுக்கே வந்து நின்றது.

உத்தமபாளையம் வட்டத்தில், மேகமலை அடிவாரத்தில் இருக்கிறது இவ்வூர். மலையில் பெய்யும் மழை 52.55 அடி உயரமுள்ள சண்முகாநதி அணையில் தேங்கி, சுற்றுவட்டார நிலங்களுக்குப் பாய்கிறது. மேலே உள்ள மலைக்காடு 2021 பிப்ரவரி முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. காடு கெட்டால் அணைக்கு நீர் குறையும். ஆகவே காட்டுக்குக் கீழே திராட்சை பயிரிடுகிறவரும் காட்டின் நலனில் பங்குள்ளவரே.

இவ்வூர் வாசலுக்குக் கேள்வியைக் கொண்டுவந்தது ஒரு யானை. 2023 ஏப்ரல் இறுதியில் கேரளத்தின் இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற யானையைப் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அரிசி தேடி வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்தது என்பது அதன்மீதான குற்றச்சாட்டு. ஆனால் யானைகள் நடமாடிவந்த நிலத்தில்தான் சின்னக்கானலின் 301 காலனியை அரசு அமைத்து, பழங்குடிக் குடும்பங்களைக் குடியேற்றியது. குடியேறியவர்கள் மீதும் பிழையில்லை, யானை மீதும் பிழையில்லை. இரு தரப்புக்கும் சேர்த்துத் திட்டமிடாததே பிழை. யானையைப் பறம்பிக்குளம் புலிகள் காப்பகத்துக்கு அனுப்ப, கேரள உயர் நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு பரிந்துரைத்தது. அப்பகுதி மக்கள் எதிர்க்கவே, இடம் பெரியாறு என்று மாறியது. அங்கிருந்து யானை மேகமலைக்கு வந்தது. மே 27 அன்று கம்பம் நகருக்குள் புகுந்தது. அதில் காயமடைந்த ஒருவர் இறந்தார். பிறகு சில நாள் சண்முகாநதி அணையை ஒட்டிய காட்டில் சுற்றித் திரிந்தது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை அதைப் பிடித்து, களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோனது. ஓரிடத்துச் சிக்கலை இன்னோரிடத்துக்கு ஏற்றி அனுப்பினால், அதன் சுமை முன்பின் அறியாத ஊர்களின் தலையில் விழும்.

காட்டை மனிதர் கைபடாத வெளியாகக் கருதும் சிந்தனையை 1989இல் வெளியான ஒரு கட்டுரையில் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா கடுமையாக மறுத்தார். அமெரிக்காவின் ஆளில்லாக் காட்டுக் கனவை இந்தியாவுக்குக் கொண்டுவந்தால், ஏழைகளின் நிலம் வசதி படைத்தவர்களின் ரசனைக்கு இரையாகும் என்பது அவர் வாதம். இந்த வாதம் பாதி வழிவரைதான் செல்கிறது. ஏழைகளுக்கு நீதி செய்தபின்னும் யானைக்கு நடக்க வழி வேண்டும். அதற்குத் தேவையான விடை மனிதருக்கிடையே பங்கீடு செய்வதிலிருந்து மட்டும் கிடைக்காது.

கத்தோலிக்கர் பலர் வாழும் ராயப்பன்பட்டியில் விவிலியத்தின் பக்கமும் இக்கேள்விக்கு இடமுண்டு. தொடக்க நூலின் முதல் அதிகாரம் உயிர்கள்மீது மனிதருக்கு ஆளுகை தருகிறது. இரண்டாம் அதிகாரமோ தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் வேலையை அவரிடம் ஒப்படைக்கிறது. 2015இல் வெளியான சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் முதலதை இரண்டாவதன் வழியே படிக்கச் சொன்னார். பூமியின் அழுகையையும் ஏழைகளின் அழுகையையும் ஒருசேரக் கேட்கச் சொன்னார். காவல்காரருக்குப் பொறுப்பு உண்டு, உடைமை இல்லை. இது வனத்துறைக்கும் பொருந்தும், ஊராருக்கும் பொருந்தும். ஆனால் நம்பிக்கை எப்போதும் காட்டின் பக்கமே நின்றுவிடுவதில்லை. மலைக்கு அப்பால் இடுக்கியில், மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதுகாப்புக்கான காட்கில், கஸ்தூரிரங்கன் குழுக்களின் அறிக்கைகளை எதிர்த்த போராட்டத்தில் கத்தோலிக்கத் திருச்சபை முன்னணியில் நின்றது. கிராம சபைகளே விவாதித்து முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் 2011இல் காட்கில் குழு சொன்ன வழி. அந்த விவாதம் ஊர்களில் நடப்பதற்கு முன்பே குடியேற்ற விவசாயிகளிடம் வெளியேற்றம் பற்றிய அச்சம் பரவிவிட்டது.

கோயிலும் காடும் இசைந்து இயங்கும் ஏற்பாடும் இதே மலையில் உண்டு. பெரியாறு காப்பகத்துக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டுமே பக்தர்கள் செல்கிறார்கள். இரு மாநில அதிகாரிகளும் கூடிப் பேசி ஏற்பாடுகளை முடிவு செய்கிறார்கள். மற்ற நாளெல்லாம் கோயிலைச் சுற்றிய வெளி விலங்குகளுடையது. அதே காப்பகத்தில் வயனா மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள் 1990களின் பிற்பகுதியில் சூழல் மேம்பாட்டுக் குழுவாகச் சேர்ந்து, காட்டில் ரோந்து போகிறவர்களாகவும் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் மாறினார்கள். காட்டைப் பற்றி அவர்களுக்கு இருந்த அறிவையும் நிர்வாகம் மதித்ததால் நடந்த மாற்றம் இது.

சட்டமும் கேட்கச் சொல்கிறது. 2006இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புலிகள் காப்பகத்தின் வெளிவட்டப் பகுதியைக் கிராம சபையைக் கலந்தே வகுக்க வேண்டும். அதே ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையையும் ஏற்கிறது. ஆனால் பழங்குடியல்லாதோர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை நிறுவ வேண்டும். வாய்மொழியாகவே வழிவந்த உரிமைக்கு எழுத்துச் சான்று தேடுவது எளிதல்ல.

இந்த முரண் கூர்மையாகத் தெரிவது மலைமாடுகளின் விஷயத்தில். கம்பம் பள்ளத்தாக்கின் மலைமாடுகள் தலைமுறைகளாக மலைச்சரிவில் மேய்ந்தவை. கம்பம் தம்பிரான் மாட்டுத் தொழுவில் மாட்டுப் பொங்கலன்று மக்கள் மாடுகளை வணங்குகிறார்கள். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடை செய்து, பிறகு தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்களோடு நிறுத்திக்கொண்டது. மேகமலை இந்த எல்லைக்குள் வருகிறது. காட்டெருமைக்கும் மானுக்கும் மாட்டிடமிருந்து நோய் தொற்றலாம், புல்லுக்குப் போட்டி வரலாம் என்பது தடைக்குச் சொல்லப்படும் காரணம். அதைத் தள்ளிவிட முடியாது. எந்தச் சரிவில், எந்த மாதத்தில், எத்தனை மாடு, தடுப்பூசி போட்டது யார் என்று மாட்டுக்காரர்களும் வனத்துறையும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடிய கேள்விகள் இவை. அந்தக் கூட்டத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் இடம் கிராம சபை.